வலது கால்

அந்தச் சுவடுகளில் இடது எது, வலது எது என்று கவ்ரிக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜெய்சல்மேர்ப் பக்கத்துச் சரணாலயத்தில் பதினோரு வருஷமாகக் காவல் வேலை பார்க்கிறாள். கானமயில் பறவைகள் முட்டையிடும் இடத்து வேலியைச் சுற்றி, மாலையில் முள்கிளையை இழுத்து மணலைச் சமமாக்குவாள். காலையில் அதில் பதிந்த சுவடுகளைப் படிப்பாள். நரியா நாயா, சுமையோடு போனவனா வெறுங்கையனா, எல்லாம் சொல்லிவிடுவாள். இன்று தேடுவது கட்டிய புருஷனை.

முந்தாநாள் மணற்புயலில் அவன் ஓட்டிய சுற்றுலா ஜீப் புதைந்துவிட்டது. வந்தவர்களை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உதவி தேடிப் போனான். அவர்களெல்லாம் பத்திரமாக வந்துவிட்டார்கள். ஒரு பாட்டில் தண்ணீரோடு போனவன்தான் வரவில்லை. இந்த வெயிலுக்கு அது ஒரு நாளைக்கே காணாது.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு ரெண்டும் ஒரே காலா?" என்றான் கொழுந்தன் பூனம், ஒட்டகத்தை இழுத்தபடி. பயத்தை மறைக்கத்தான் அந்தக் கேலி.

"புது ஜூத்திடா. நான்தான் சந்தையில வாங்கிக் கொடுத்தேன். புதுச் செருப்புக்கு ஏது இடது வலது? ரெண்டும் ஒரே அச்சு. கால் பழகினாத்தான் வளையும்."

"ஒரே கோட்டுல போகுதே?"

"களைச்சுப் போனவன் அப்படித்தான் நடப்பான். வாயை மூடிட்டு வா."

உச்சி வெயிலில் மணல் வறுத்த வாசனை கிளப்ப, ஒட்டகத்தின் கழுத்துமணியும் காய்ந்த வன்னிக்காய்கள் காற்றில் உரசும் சத்தமும் தவிர வேறெதுவும் கேட்காத அந்த வெளியில், ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை என்பது அவளுக்கு வன்னி மரத்தடிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அங்கே இரண்டு ஜூத்திகளும் பக்கத்தில் பக்கத்தில், வீட்டு வாசலில் விட்டதுபோல இருந்தன.

ஒட்டகம் நின்றுவிட்டது. அடித்தும் நகரவில்லை.

"அண்ணி, வேணாம். நாலு பேரைக் கூட்டிட்டு வந்துடலாம்."

"அதுக்குள்ள உங்க அண்ணன் செத்துடுவாருடா!"

மரத்தைத் தாண்டி வெறுங்கால் சுவடு. ஐந்து விரலும் தெளிவாக. வலது கால். அடுத்ததும் வலது. அதற்கடுத்ததும்.

திரும்பி ஓடத்தான் உடம்பு சொன்னது. தோளில் தண்ணீர்ப் பை கனத்தது. பூனத்தை ஒட்டகத்தோடு விட்டுவிட்டு நடந்தாள்.

"லிச்சுவோட அப்பா!" என்று கத்தினாள். இந்த நிலையிலும் புருஷன் பெயர் வாயில் வரவில்லை.

மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல்.

பள்ளத்தில் கிடந்தான். உயிர் இருந்தது. உதடு வெடித்திருந்தது. தலையை மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டினாள், அழுதாள், திட்டினாள். அப்புறம்தான் அவன் கால்களைப் பார்த்தாள். கொதிக்கும் மணலில் இவ்வளவு தூரம் வந்த பாதங்களில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

"நான் நடக்கவே இல்ல, கவ்ரி."

"பின்னே?"

"தூக்கிட்டு வந்து போட்டுச்சு. என் செருப்பைக் கழட்டி மாட்டிக்கிட்டு ஜீப் பக்கமாத் திரும்பிப் போச்சு." அவன் அவள் கையை இறுக்கினான். "சுவடு படிக்கிறவ வருவான்னு அதுக்குத் தெரியும். நீ ஏன் வந்தே?"

மேட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த ஒட்டகத்தின் மணி நின்றது.

"பூனம்!"

இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். மேட்டுச் சரிவில் அவள் இறங்கி வந்த சுவடு. இடது, வலது. இடது, வலது. அதை ஒட்டியே இன்னொரு வரிசை, அவள் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும்.

வலது. வலது. வலது.

அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் மணல் மெல்ல அமுங்கியது. ஐந்து விரல்கள்.