கேட்பவர் ஒருவர்

அந்த வரிக்கு வந்ததும் கைப்பேசிக்குள் இருக்கிற அம்மாள் மூச்சை ஒருதரம் உள்ளே இழுத்துவிட்டுத்தான் பேசினாள்.

தமயந்தியின் விரல் திரையில் அப்படியே நின்றது. பிறவியிலேயே பார்வையில்லாதவள் அவள். விரல் படுகிற இடத்தையெல்லாம் படித்துச் சொல்லும் இந்தக் குரலோடு பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் கண்ணையன் அதற்கு 'உங்க அக்கா' என்று பேரே வைத்துவிட்டான். அக்கா ஊர்ப்பெயர்களைக் கடித்துத் துப்புவாள். ஆனால் இருமமாட்டாள், சலித்துக்கொள்ளமாட்டாள், எதைக் கேட்டாலும் ஒரே சுரம்தான். மெஷினுக்கு ஏது மூச்சு?

விரலைப் பின்னால் தள்ளி மறுபடி முன்னால் தள்ளினாள். இணைய வானொலிச் செயலியின் பட்டியல் அது. உலகத்தில் எந்த மூலையில் எவன் மைக் வைத்தாலும் அதில் கிடைக்கும். "பிஜி பக்திமாலை. கேட்பவர் நாற்பது பேர்" என்றாள் அக்கா. அடுத்தது, "பெயரில்லை. திருத்தணி." அங்கேதான் அந்த மூச்சு. "கேட்பவர் ஒருவர். இயக்க, இருமுறை தட்டவும்."

நம்ம ஊரில் யார் வானொலி நடத்துகிறார்கள்? பாஷை புரியாத தேசங்களையெல்லாம் மேய்ந்துவிட்டு வருகிறவளுக்கு உள்ளூர்ச் சரக்கு என்றதும் ஆசை வந்துவிட்டது. இருமுறை தட்டினாள்.

ஆடிக்கிருத்திகை சாயங்காலம். மலையடிவாரத்துக்குப் போகிற அந்தச் சந்து முழுக்கக் காவடியும் மொட்டைத்தலையுமாக நகர்ந்துகொண்டிருந்தது. கற்பூரப் புகையும் பன்னீரும், மிதிபட்ட சாமந்தியும், வாய்திறந்து கிடக்கும் சாக்கடையும் ஒன்றாகக் கலந்து மாடிக்கு ஏறி வந்தன. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை 'அரோகரா' என்று சந்து முழுவதும் ஒரே தொண்டையாகக் கத்தும்போது ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நடுநடுவே போலீஸ் ஒலிபெருக்கி, காணாமல்போன பிள்ளைகளைத் தமிழில் ஒருதரம், தெலுங்கில் ஒருதரம் கூவியது.

இந்தக் கூட்டத்துக்குப் பயந்துதான் கண்ணையன் மாடிப்படி கேட்டை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போயிருந்தான். போன வருஷம் இதே நாளில் தண்ணீர் கேட்டு மேலே வந்த ஒரு மொட்டை, குடித்ததும் கூடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டது. குறட்டையைக் கேட்டுப் புருஷன்தான் என்று நினைத்த தமயந்தி சோறு போட்டுவைத்து எழுப்பினாள். அதைச் சொல்லிச் சொல்லி அவன் வருஷம் முழுக்கச் சிரித்தான், ஆனால் இந்த வருஷம் வீட்டில் சுசி இருந்தாள். இன்னொரு சாவி கீழ்வீட்டு ரோஷன் பீயிடம் இருந்தது. அவர் நெரிசலுக்கு முன்பே அரக்கோணத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

சுசி பால்மணம் மாறாத பிள்ளை. சுசித்ரா என்பது முழுப்பெயர். இவள் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த நாத்தனார் புவனா வாய்விட்டே கேட்டாள்: "கண்ணு தெரியாத நீ எப்டி அண்ணி வளப்ப? நான் எட்துகினு போயி வளத்துத் தரட்டுமா?" தமயந்தி மாட்டேன் என்றாள். சுசியைத் தன் கையிலிருந்து யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு பயமில்லை. அதனால்தான் எப்போதும் ஒரு காதில் மட்டும் ஒயரை மாட்டுவாள். இடது காது வானொலிக்கு, வலது காது தூளிக்கு.

இடது காதில் பாட்டும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஒரு மின்விசிறி ஓடியது, ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் என்று தட்டிக்கொண்டு. கயிறு மெல்ல முனகியது. தூரத்தில் ஜனங்களின் இரைச்சல். மைக்கை அணைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அப்போது தெருவில் ஒலிபெருக்கி கரகரத்தது: "மஞ்ச சட்ட போட்ட பையன், ஊரக் கேட்டா நகரினு சொல்றான், பெத்தவங்க வந்து கூட்டிகினு போங்க."

கொஞ்ச நேரம் கழித்து இடது காதிலும் அதே மஞ்சள் சட்டைப் பையன் வந்தான்.

இணைய வானொலி நேரலை என்று பேர்தானே தவிர எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். கிரிக்கெட்டில் பக்கத்துவீட்டு டிவியில் விக்கெட் விழுந்து கூச்சல் அடங்கின பிறகுதான் இவளுக்கு விழும். ஆகவே அது அதிசயமில்லை. அந்த டிக் தான் அதிசயம். அது இந்த வீட்டு மின்விசிறி. அந்த முனகல் இந்த வீட்டுத் தூளிக்கயிறு.

போன்தான் வீட்டுச் சத்தத்தை வாங்கி அனுப்புகிறது, ஏதோ கோளாறு என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கைப்பேசியோடு சமையலறைக்குப் போய் எவர்சில்வர் டம்ளரை நகத்தால் சுண்டினாள். கையில் இருக்கிற போன் கேட்பதாக இருந்தால் காது கிழியவேண்டும். காத்திருந்தாள். டம்ளர் சத்தம் வந்தது, சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து வருகிற மாதிரி சன்னமாக. அதைவிடப் பலமாக, மிகப் பக்கத்தில், சுசியின் மூச்சு. பிள்ளை மூக்கடைப்போடு இழுக்கிற அந்தச் சின்ன விசில்.

சத்தத்தை வைத்தே தூரம் அளந்து வாழ்கிறவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கேட்கிற காது போனில் இல்லை. அது தூளிக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

ஓடினாள். தூளித்துணியை விரித்துத் தடவினாள். நெற்றி, கன்னம், எச்சில் வழிந்த தாடை, எல்லாம் இருந்தன. சுசி நல்ல தூக்கத்தில் இருந்தாள். தூளியின் அடியில், சுவரோரம், கதவின் பின்னால், கையை வீசி வீசித் தேடினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

பிறகு இடது காதில் அவளுடைய ஓட்டமே வந்தது. வெறுங்கால் தரையில் படபடவென்று நெருங்கியது, வளையல் குலுங்கியது. அவள் வந்து சேர்ந்த அந்தக் கணத்தில் பிள்ளையின் மூச்சு சட்டென்று கீழே இறங்கியது. வளையலும் கீழே போனது. மின்விசிறியின் டிக் மட்டும் பெரிதாகி, பெரிதாகி, காதுக்குள்ளேயே தட்டியது.

அது மேலே ஏறியிருந்தது.

தலைக்கு மேலே. விசிறிக்குப் பக்கத்தில். வலது காதால் எவ்வளவு உற்றுக் கேட்டாலும் அங்கே ஒன்றுமில்லை. அது இருப்பதைச் சொல்ல இந்த வானொலியைத் தவிர நாதியில்லை. நிறுத்தினால் அது எங்கே என்று தெரியாது. நிறுத்தாவிட்டால் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

கண்ணையனைக் கூப்பிடத் திரையைத் தொட்டாள். அக்கா வாயைத் திறந்தாள். அவள் பேசினால் வானொலி தானாகத் தணிந்துகொள்ளும், எப்போதும் அப்படித்தான். "கேட்பவர் இருவர்" என்றாள். "பின்செல். பொத்தான். தொடர்புகள்." ஒவ்வொரு சொல்லுக்கும் விசிறியின் டிக் அமுங்கிப்போனது. அந்த இடைவெளிகளில் அது எங்கே நகர்கிறதென்று தெரியவில்லை. அழைப்பு போனதும் வானொலி முழுதாக நின்றது. மணி அடிக்கவே இல்லை. லட்சம் பேர் கூடின ஊரில் ஒரு டவர் எத்தனை பேருக்குத்தான் ஈடுகொடுக்கும்? ரோஷன் பீயின் வைஃபையில் வானொலி மட்டும்தான் ஓடியது. திரும்பத் திரும்ப அழுத்தினாள். கொய்யென்ற ஓசைதான் வந்தது. அவ்வளவு நேரமும் மேலே அது என்ன செய்துகொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அழைப்பு அறுந்ததும் வானொலி தானாகத் தொடர்ந்தது. விட்ட இடத்திலிருந்து இல்லை. அதற்கும் வெகுநேரம் முன்பிருந்து.

இரும்புக் கேட் கிறீச்சிட்டது. கண்ணையனின் குரல். "தமா, வெளியால பூட்டிகினு போறேன். எவன் தட்னாலும் வாயத் தொறக்காத. இன்னா, சரியா?"

மத்தியானம் நடந்தது இது. இவள் அப்போது ஏதோ ஒரு தேசத்துப் பாட்டில் பாதி மனசை வைத்துக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்தபடியே 'ஆங்' என்று சொன்னாள். நினைவிருக்கிறது. அப்போது அக்காவும் இடது காதில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அக்கா சொல்வதையெல்லாம் யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? எது சொன்னாலும் ஒரு 'ஆங்' போட்டுவிட்டுப் போவது இவள் வழக்கம். கேட்டேன் என்றாலும் ஆங்தான், சரி என்றாலும் ஆங்தான்.

கண்ணையன் கேட்டு முடித்தான். இவளுடைய பதில் வரவேண்டிய இடம்.

மூச்சு இழுக்கும் ஓசை. பிறகு அக்காவின் குரல், அதே சுரத்தில், நிறுத்தி நிறுத்தி.

"பாப்பாவ. நான். எட்துகட்டுமா."

"ஆங்" என்றாள் வானொலிக்குள் தமயந்தி.

பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. பிறகு வானொலி ஊமையானது.

தமயந்தி போனை மடியில் செருகிக்கொண்டு பாய்ந்து தூளிக்குள் இரண்டு கைகளையும் விட்டுப் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். சூடு. கனம். பால்வாசனை. இருக்கிறாள், என் தங்கம் இருக்கிறாள். அழுகை பொங்கியது. சுவரில் இடித்து, நாற்காலியைத் தள்ளி, தெருவைப் பார்த்த மாடிப்படி கேட்டுக்கு வந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"வேணாம்! நான் வேணாம்னு சொல்றேன்! பூட்ட ஒடைங்க! யாருனா வாங்களேன்! எங் கொழந்த!"

கூந்தல் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. கேட் அதிர்ந்தது. கீழே சந்து ஒரு கணம் அடங்கியது. பிறகு ஓர் ஆண்குரல் கிளம்பியது. "டேய், அம்மாவுக்கு சாமி வந்துட்ச்சுடா!"

"அரோகரா!"

"இல்லீங்க! சாமி இல்லீங்க! பூட்டு, பூட்டு!"

"அரோகரா!" பம்பை வேகம் பிடித்தது. "செப்பு தல்லீ, செப்பு!" என்று ஒரு தெலுங்குக்காரி கைதட்டிக் குறி கேட்டாள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள், வாசனை மேலே வந்தது. அவள் கத்தக் கத்த அவர்களுக்குப் பக்தி கூடியது. தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. கேட்டில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

அப்போதுதான் தோன்றியது. மிக்சி போட்டாலே வீல் என்று எழுந்துகொள்ளும் சுசி.

அசையவில்லை.

இத்தனை கூச்சலில். தோளில். ஒரு சிணுங்கல்கூட இல்லை.

"மீண்டும் இணைக்கப்பட்டது" என்றாள் அக்கா.

இடது காதில் பம்பை. மிக அருகில். ஜனங்களின் வியர்த்த உடம்புகள் உரசுகிற அருகில். விசிறி இல்லை. கயிறு இல்லை. தெரு. நடுத்தெரு.

"அரோகரா!"

அதற்கு மேலே, எங்கோ உயரத்திலிருந்து, மாடியிலிருந்து, கம்பி அதிர ஒரு பெண் கத்தினாள். வேணாம். நான் வேணாம்னு சொல்றேன்.

அவள் குரல்தான். சற்றுமுன் அவள் கத்தியது. கீழேயிருந்து கேட்டால் அது அப்படித்தான் கேட்கும்.

கேட்கிற காதை ஒட்டி, ஒரு சாண் தள்ளி, பிள்ளை ஒன்று அழுதது. மூக்கடைப்போடு. சின்ன விசிலோடு. அம்மா குரல் கேட்டதும் இன்னும் பலமாக. அழுகை நகர்ந்தது. பம்பையைத் தாண்டியது. கற்பூரம் ஏற்றியவர்களைத் தாண்டியது. மேலே கத்துகிறவளின் குரல் தேய்ந்தது. செருப்பில்லாத ஆயிரம் கால்களோடு இன்னொரு ஜோடிக் கால்கள், மலையை நோக்கி.

தமயந்தி எழவில்லை. முதுகுக்குப் பின்னால் பூட்டு.

தோளில் கிடந்தது மெல்லத் தலையைத் தூக்கியது.

சின்னக் கை ஒன்று அவள் தாடையைத் தொட்டது. மெத்தென்ற பிள்ளைக் கை. பால்வாசனை. விரல்கள் உதட்டைத் தடவின. கன்னத்துக்கு வந்தன. காதுக்கு வந்து, ஒயரை மெதுவாகக் கழற்றிப் போட்டன.

அந்தக் கை அங்கே நிற்கவில்லை. காதைத் தாண்டியது. பின்கழுத்தைச் சுற்றியது. சுற்றிக்கொண்டு மறுபக்கத்துத் தோள்வழியாக இறங்கி, அவள் மடியில் கிடந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டது.