பாஸ்கல் தாத்தாவின் சம்மனசு மீன்கள்

பாஸ்கல் தாத்தா யாரையும் நம்ப மாட்டார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வில்லியனூர்ப் பக்கம் வந்து குடியேறியவர் அவர். பட்டாளத்துக்காரர் என்பதால் ஊரில் அவரை 'சொல்தா' என்பார்கள். பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்பார். தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார் என்பார். தெருப் பிள்ளைகள் எல்லோரும் தன் மீன்களைத் திருடத்தான் திரிகிறார்கள் என்பார்.

அவர் வீட்டுக் கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் பதினோரு மீன்கள். மாதா கோயில் படத்தில் இருக்கும் சம்மனசுகளுக்கு, அதாவது தேவதூதர்களுக்கு, இறக்கை இருப்பதுபோல, அவற்றுக்கு நீண்ட துடுப்புகள். அதனால் 'சம்மனசு மீன்' என்று பெயர் வைத்திருந்தார்.

எதிரே இருந்த டீக்கடை கஸ்தூரியின் அப்பா சுப்பராயலுவுடையது. பத்து வயது கஸ்தூரி தினமும் ஜன்னல் வழியாக மீன்களைப் பார்ப்பாள். தினமும் திட்டும் வாங்குவாள்.

அது 1978ஆம் வருடத்துக் கார்த்திகை மாதம். புயல் மழையில் அரியூர்ப் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை.

மூன்றாம் நாள் காலை கஸ்தூரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு தொட்டியின் அடியில் கிடந்தன. தாத்தா கையில் ஆவி பறக்கும் சொம்பு.

"தாத்தா, ஊத்தாதீங்க! வெந்துபூடும்!"

சொம்பு அப்படியே நின்றது.

"எத்தினி நேரமா வேவு பாக்குற? இன்னா வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம். மீனுங்களுக்கு இன்னா ஆச்சு?"

"குளிருது. கரண்டு இருந்தா தோ இந்தக் குழாய் தண்ணிய சூடாக்கும். இப்ப வெறும் கண்ணாடி." அவர் குரல் இறங்கியது. "ரெண்டு செத்த மாதிரியே கிடக்குது."

கஸ்தூரி யோசித்தாள். "எனக்கு வயித்து வலின்னா எங்கம்மா பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி, மூடி, வயித்து மேல வெப்பாங்க. அதே மாதிரி பாட்டில தொட்டிக்குள்ள நிறுத்தினா? சூடு மட்டும் தண்ணிக்குப் போவும்."

தாத்தா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இதுல உனக்கு இன்னா லாபம்?"

"மீனு சாவாது. வேற இன்னா?"

அந்தப் பதில் அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தக்கை போட்ட நான்கு காலி பாட்டில்களைக் கொண்டுவந்தார். கஸ்தூரி கடைக்கு ஓடினாள். கரி அடுப்பில் பாய்லர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். கண்ணாடி விரிசல் விடாதபடி பச்சைத் தண்ணீர் கலந்து இரண்டு பாட்டில்களை நிரப்பி, துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

பாட்டில்கள் தொட்டியில் இறங்கின. சுற்றிலும் தாத்தாவின் பட்டாளத்துக் கம்பளியைப் போர்த்தினார்கள். பாட்டில் ஆறிவிட்டால் வேறு பாட்டில். அவள் மழையில் நான்கு முறை போய் வந்தாள். அவள் வரும்போதும் போகும்போதும் தாத்தா மீன்களை எண்ணினார்.

ஐந்தாம் முறை அவள் கிளம்பும்போது எண்ணியவர் சட்டென்று வாசலை மறித்து நின்றார்.

"பத்துதான் இருக்குது."

"நல்லா எண்ணுங்க தாத்தா."

"மூணு தபா எண்ணிட்டேன். பாவாட மடிய உதறு!"

கஸ்தூரி உதறினாள். பாதி முறுக்கு ஒன்று கீழே விழுந்து உருண்டது. வேறெதுவும் இல்லை. அவள் அழவில்லை. தாத்தாவைத் தாண்டி நடந்து கடைக்குப் போய்விட்டாள்.

நடந்ததைக் கேட்ட அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்தான்னா பெரிய இவரா? எம்பொண்ணையே திருடின்னு சொல்றாரா? இனிமே அங்க போவாத!"

கஸ்தூரி பெஞ்சில் உட்கார்ந்தாள். மழையைப் பார்த்தாள். இந்நேரம் பாட்டில்கள் ஆறத் தொடங்கியிருக்கும். தாத்தாமேல் கோபம் கொதித்தது. ஆனால் மீன்கள் என்ன தப்பு செய்தன?

அவள் எழுந்து, கடையில் மீதியிருந்த இரண்டு பாட்டில்களிலும் சுடுநீர் பிடித்தாள்.

"எங்கடி போற?"

"மீனுங்களப் பாக்க. அவர்கூடப் பேச மாட்டேன்பா."

படி இறங்கப் போனவள் நின்றாள். எதிரே பாஸ்கல் தாத்தா. தலையில் குடை இல்லை. காலில் செருப்பு இல்லை. இரண்டு கைகளிலும் ஆறிப்போன பாட்டில்கள்.

"பதினொண்ணாவது மீனு, பாட்டிலுக்குப் பின்னால ஒட்டிக்கினு நின்னுச்சி. சூட்டுக்கு ஒதுங்கியிருக்குது. எனக்குத்தான் தெரியல." அவர் தொண்டையைச் செருமினார். "தப்புதான், கண்ணு."

கஸ்தூரி அவரைத் தாண்டி எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"நீ முன்னாடி ஓடு. வூடு தொறந்துதான் கிடக்குது. நான் தண்ணி புடிச்சிக்கினு வரேன்."

சுப்பராயலு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "சொல்தா, வூட்டத் தொறந்து போட்டுட்டா வந்தீங்க?"

"பேசிக்கினே இருந்தா மீனு செத்துடும். பாட்டில ரொப்புய்யா!"

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டோடு பாட்டில்களை அணைத்துக்கொண்டு ஓடினாள். அவள் வந்ததைப் பார்த்து, தொட்டியின் அடியில் கிடந்த மீன் ஒன்று மெல்லத் துடுப்பை விரித்தது.

அன்று இருட்டும்வரை இருவரும் பாட்டில் மாற்றினார்கள். இரவில் அந்த வேலையைத் தாத்தா மட்டும் பார்த்துக்கொண்டார். மறுநாள் மதியம் கரண்ட் வந்தது. கண்ணாடிக் குழாய் மறுபடியும் சூடாகத் தொடங்கியது. செத்தது போலக் கிடந்த இரண்டும்கூட மற்ற மீன்களோடு மேலே வந்துவிட்டன.

தாத்தா தீவன டப்பாவைக் கஸ்தூரியிடம் நீட்டினார். "பயப்படாத, கடிக்காது. ரெண்டு விரலால கிள்ளிப் போடு."

அவள் விரலை நீரில் நனைத்தாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. கோடு போட்ட சம்மனசு மீன் ஒன்று வந்து, அவள் விரல் நுனியில் செல்லமாக ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனது.