மூணுதரம் சொல்லாத ஏலம்

உலகத்திலேயே செத்தவர்கள் கேட்கும் ஒரே பாட்காஸ்ட் தன்னுடையதுதான் என்று லிங்கேஸ்வரன் போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அறிவித்தபோது, அங்கே நின்ற பதினாறு பேரில் பதினாறு பேரும் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் குலுங்கிய குலுங்கலில் பாதி டீ தேனி பஸ்சின் ஜன்னலுக்குள் போய் விழுந்தது.

"கேக்கிறதோட நிக்கலய்யா. ஒருத்தரு பதிலும் சொல்றாரு" என்றார் லிங்கேஸ்வரன், மீசையைத் தடவிக்கொண்டு.

அவருடைய தங்கை கற்பகம் சிரிக்கவில்லை. அவள் அந்நேரம் வீட்டில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தப் பதிலைப் பதினெட்டாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லிங்கேஸ்வரன் முப்பது வருஷம் ஏலக்காய்க்கு விலை கூவியவர். அவர் குரலெடுத்தால் போடிமெட்டில் மேயும் மாடு தலை நிமிரும் என்பது கொஞ்சம்தான் மிகை. ஏலம் கம்ப்யூட்டருக்குப் போய், வியாபாரிகள் பொத்தானை அமுக்கி விலை கேட்கத் தொடங்கியதும், பாதிக் குரல் செலவாகாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். மீதிக் குரலுக்காக இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மைக் வாங்கினார். நிகழ்ச்சிக்கு 'ஒருதரம் ரெண்டுதரம்' என்று பெயர். மலையில் நடந்த வெட்டு, குத்து, யானை மிதி எல்லாவற்றையும் ரத்தம் சொட்டச் சொட்டச் சொல்வார். துபாயில் லாரி ஓட்டும் ராசிங்காபுரத்துக்காரர் முதல் எஸ்டேட் லயத்து வீடுகளில் சோறு வடிக்கும் பெண்கள் வரை கேட்டார்கள். கேட்பவர்கள் மூன்று லட்சம் என்பார். கற்பகம் மனசுக்குள் இரண்டு சைபரை அழித்துக்கொள்வாள். அவள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அண்ணன் பதிவுசெய்ததில் இருமலையும் செருமலையும் வெட்டிச் சுத்தம் செய்து இணையத்தில் ஏற்றுவது இப்போது அவள் சோலி. அண்ணன் சொல்லும் எதையும் நம்பாமலிருப்பதும் அவள் சோலிதான்.

மொக்கையன் கதை மட்டும் அவளுக்கு நேராகத் தெரியும். பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் ஸ்டோரில் மொக்கையன் காவலுக்கு இருந்தார். காய் திருட வந்தவர்கள் உலர்த்தும் அறைக்குள்ளேயே அவரை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எஸ்டேட்டிலிருந்து வந்த டிரங்க் காலைப் போலீசுக்கு இணைத்துக் கொடுத்தவளே கற்பகம்தான். "மூணு வெட்டுங்கய்யா" என்று ஒரு குரல் அழுததை அவள் காதால் கேட்டாள். கையில் ஒன்று, தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று.

அண்ணனுக்கு மூன்று போதவில்லை.

அந்த ஸ்டோர் மூடிக் கிடந்து எட்டு வருஷமாகிறது. பலகை அடித்த தடித்த சுவர், காற்றுப் புகாத கதவு, வெளிச்சத்தம் எறும்பளவுகூட நுழையாது என்று லிங்கேஸ்வரன் அதையே பேசி வாங்கி ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார். போன வாரம் அதற்குள் உட்கார்ந்து மொக்கையன் கதையைச் சொன்னவர், நடுவில் பழைய தொழில் ஞாபகம் வந்து வெட்டுகளை ஏலத்தில் விட்டார். "மூணுங்கிறாக போலீசு. அஞ்சுங்கிறேன் நான். அஞ்சு... அஞ்சு... ஏழு யாரு? ஏழு... ஒம்பது..." பதினொன்று வரை ஏற்றி, அங்கேயே நிறுத்தி, தண்ணீர் குடித்து, மைக்கை அணைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"மூணுதரம் சொல்லாம எந்திரிச்சு வரலாமாண்ணே?" என்று கற்பகம் அன்றே கேட்டாள். முப்பது வருஷத்தில் ஒரு மூட்டையைக்கூட அவர் அப்படி விட்டதில்லை. கேட்ட விலையை முடித்துக்கொடுக்காமல் ஏலக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. காய்ச்சல் நூற்றுநாலு அடித்த நாளில்கூட மூணுதரம் சொல்லிவிட்டுத்தான் மயங்கி விழுந்தார்.

"அது அந்தக் காலம் தாயி. இங்கிட்டுத் தொங்கவிட்டாத்தான் திரும்பி வருவாக."

வந்துவிட்டார்கள். பதிவில் அண்ணனின் "பதினொண்ணு"க்குப் பிறகு ஆறு நொடி அமைதி. அதற்குப் பிறகு, ஈரச் சாக்கைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு குரல்: "பன்னெண்டு."

வேறு லைன் கலந்துவிட்டது என்று பழக்கத்தில் நினைத்தாள். மைக்குக்கு ஏது லைன்? அண்ணனே குரலை மாற்றியிருப்பார் என்று ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாள். அந்தக் குரல் பேசும்போதே, அதற்கு அடியில், அண்ணன் தண்ணீர் குடிக்கும் மடக் மடக் சத்தம் கேட்டது.

மறுநாள் மதியம், வாடகைக்கு ஜீப் ஓட்டும் பொன்னுமணியின் வண்டியில் மலையேறினார்கள். அன்றைக்கே ஏலத்தை முடித்துவிட வேண்டும் என்று கற்பகம் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு கேட்டவருக்கே மூணுதரம் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் அண்ணன் ஓர் எண்கூட ஏற்றக் கூடாது.

"சத்தியம் பண்ணுண்ணே."

"ஆயிரம் சத்தியம்."

"ஒண்ணு போதும்."

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு முனகிக்கொண்டு ஏற, லிங்கேஸ்வரன் பொன்னுமணிக்குத் தொழில் ரகசியம் சொல்லிக்கொண்டு வந்தார். "ஒருத்தனைக் கவுக்கணும்னா என்ன செய்வாக தெரியுமா மாப்ளே? அவன் கேக்கக் கேக்க நாம ஏத்திக்கிட்டே போகணும். ரோசத்துல அவனும் ஏறுவான். உச்சிக்குப் போனதும் சத்தமில்லாம ஒதுங்கிக்கிரணும். சரக்கு அவன் தலையில. அப்படிக் கவுந்தவன் ஒருத்தன் கையெழுத்துப் போடயில அழுத கண்ணீருல எங்க ஆபீசு நோட்டு நாலு நனைஞ்சுபோச்சு."

"நீங்க அழுததுண்டா பெரியப்பு?"

"என்னை ஏத்திவிட ஒருத்தன் இனிமேத்தான்யா பெறக்கணும்."

ஸ்டோர் வாசலில் இறங்கியபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் நின்ற பொன்னுமணியின் ஜீப்பு வெறும் இரண்டு மஞ்சள் விளக்காகிவிட்டிருந்தது. கற்பகம் முன்னறைக்குள் காலெடுத்து வைத்ததும் மூக்கில் ஏறியது வாசனை. எட்டு வருஷத்துப் பழைய வாசனை இல்லை. இன்றைக்குக் காலையில் பறித்த காய் சூட்டில் வதங்கத் தொடங்கும்போது வருகிற, கண்ணை எரிக்கிற பச்சை வாசனை. அதற்கு அடியில் ஆடு வெட்டும் தொட்டியைக் கழுவிவிட்ட மாதிரி வேறொன்று. சுவரோடு ஓடி அடுப்புச் சூட்டை உள்ளே கொண்டுபோகும் இரும்புக் குழாயைத் தொட்டாள். விரலை இழுத்துக்கொண்டாள். அடுப்பு எரியவில்லை, அதன் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது, ஆனால் குழாய் சுட்டது.

"அண்ணே, வெளியிலயிருந்தே சொல்லிட்டு வந்துருவோம்."

"மைக்கு உள்ள இருக்கு தாயி. ரெண்டு நிமிச சோலி."

அவர் உலர்த்தும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கற்பகம் முன்னறையில் பதிவுக் கருவியின் முன்னால் உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே வெப்பமானி பார்ப்பதற்காகக் கதவில் பதித்திருந்த உள்ளங்கையகலக் கண்ணாடி வழியாக அண்ணனின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவருக்குப் பின்னால் கம்பிவலைத் தட்டுகள் இருட்டுக்குள் அடுக்கடுக்காகப் போயின. ஹெட்போனில் அவர் மூச்சு, நாற்காலியின் கிரீச், குழாய்க்குள் சூடு நகரும் டிக் டிக். எண்ணிப் பார்த்தாள். மூச்சு இரண்டு பேருடையதாக இருந்தது.

"வணக்கம் மக்களே. பன்னெண்டு கேட்டிருக்காக. பன்னெண்டு ஒருதரம்..." என்று லிங்கேஸ்வரன் கூவினார். நல்ல பிள்ளையாக. "பன்னெண்டு ரெண்டுதரம்..."

சொல்லிருண்ணே, சொல்லிரு என்று கற்பகத்தின் உதடு அசைந்தது.

"பதினஞ்சு" என்றது ஈரச் சாக்குக் குரல்.

அண்ணன் நிறுத்திவிட்டார். கண்ணாடியில் அவர் தோள் மெல்ல நிமிர்ந்தது. அந்த நிமிர்வைக் கற்பகம் அறுபது வருஷமாகப் பார்த்திருக்கிறாள். ஒருவன் தன்னைவிடப் பெரிதாய் ஒன்றைச் சொல்லிவிட்டால் அவருக்கு வரும் நிமிர்வு அது.

"பதினெட்டு" என்றார் லிங்கேஸ்வரன்.

"அண்ணே, வேணாம்ணே." கதவைத் தட்டினாள். எறும்பளவுச் சத்தம்கூட உள்ளே நுழையாத கதவு.

"இருவது."

"இருவத்தஞ்சு."

"இருவத்தாறு" என்றது குரல். இப்போது மைக்குக்குக் கிட்டே.

அண்ணன் சிரித்தார். ஏலக் கூடத்துச் சிரிப்பு. "ஒண்ணு ஒண்ணா ஏறுறீக? முப்பது."

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தஞ்சு."

குரலும் ஏறியது. அவசரமில்லாமல். அவர் ஐந்து ஏறினால் அது ஒன்று. அவர் ஏறியதெல்லாம் ரோசத்தில். அது ஏறியதெல்லாம் கணக்காக. ஜீப்பில் அண்ணன் சொன்ன தொழில் ரகசியம் அப்போதுதான் கற்பகத்துக்கு உறைத்தது. அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். இரும்பு உள்ளங்கையைச் சுட்டது. விடாமல் இழுத்தாள்.

"நாப்பது" என்றது குரல்.

"நாப்பத்தொண்ணு" என்றார் அண்ணன்.

பதில் இல்லை.

ஆறு நொடி. ஏழு. குழாய் டிக் டிக் என்பதும் நின்றுவிட்டது. லிங்கேஸ்வரன் இடமும் வலமும் பார்த்தார். "நாப்பத்தொண்ணு... யாராச்சும்? யோவ், கேளுய்யா." மைக்கைத் தட்டினார். "கேளுய்யா மொக்கையா."

ஒதுங்கிவிட்டது.

பிறகு மெதுவாக, அவருடைய கூவலின் அதே இழுவையில், அந்தக் குரல் சொன்னது. "நாப்பத்தொண்ணு ஒருதரம்."

கைப்பிடி நகர்ந்தது.

"ரெண்டுதரம்."

கதவு ஒரு விரற்கடை திறந்தது. அனல் முகத்தில் அறைந்தது.

"மூணுதரம்."

சதக்.

அண்ணனின் வலது கை மணிக்கட்டுக்கு மேலே வாய் பிளந்தது. அரிவாள் இல்லை. பிடித்த கை இல்லை. வெள்ளைச் சட்டைக் கை கிழிந்து, உள்ளே தோல் கிழிந்து, அதற்குள் எலும்பு பளிச்சென்று தெரிந்து, பிறகு சிவப்பு அதை மூடியது. அவர் அதைப் பார்த்தார். ஆச்சரியமாகப் பார்த்தார். முப்பது வருஷத்துப் பழக்கம் வாயைத் திறந்தது.

"ஒண்ணு" என்றார்.

சதக். தோள். "ரெண்டு."

கற்பகம் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். தன் உடம்பால் மூடினாள். அவளுடைய கைகளுக்கு அடியில், அவளைத் தொடாமல், அவர் முதுகு திறந்தது. மூன்று. நான்கு. ஐந்து. சூடாக அவள் மார்பில் வழிந்தது. விலா. தொடை. காது. மறுகாது. நாற்காலி சாய்ந்தது. இருவரும் விழுந்தார்கள். கம்பிவலைத் தட்டு ஒன்று சரிந்து அவர்கள் மேல் விழுந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. அவர் எண்ணினார். நிறுத்த முடியாமல் எண்ணினார். ஒவ்வோர் எண்ணும் சின்னதாகிக்கொண்டே வந்தது. இருபதில் விரல்கள் போயின. இருபத்தெட்டில் கன்னம் பிளந்து நாக்கு வெளியே தெரிந்தது.

அவர் நிறுத்தினார்.

வெட்டு நிற்கவில்லை.

எண்ணாவிட்டால் இது முடியவே முடியாது என்று கற்பகத்துக்கு யாரோ காதில் சொன்ன மாதிரி இருந்தது. அவள் எண்ணினாள். முப்பது. முப்பத்தொன்று. சதக். கண்ணை மூடிக்கொண்டு. சதக். முப்பத்தொன்பது. நாற்பது.

கடைசி வெட்டு கழுத்தில் விழுந்தது.

அமைதி.

ஹெட்போன் இன்னும் அவள் தோளில் தொங்கியது. கம்பி அறுந்திருந்தது. அதிலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. தலையைத் தூக்கினாள்.

தட்டுகளுக்கு நடுவில் ஒருவர் நின்றார். காவலாளியின் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளைத் தடவினார். பிறகு கழுத்தை, மெதுவாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. புதுத் தோல். அவர் சட்டையை உதறி மாட்டிக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, அவளைத் தாண்டி, திறந்த கதவு வழியாக, பனிக்குள் நடந்தார். சற்று நேரத்தில் ஜீப்பு உறுமியது. இரண்டு மஞ்சள் விளக்கும் திரும்பிச் சரிவில் இறங்கின. பொன்னுமணி ஒருதரம் கத்தினான். ஒருதரம்தான்.

முன்னறையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக் தரையில், அண்ணனின் வாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த வாய் அசையவில்லை. அசைய அதில் ஒன்றுமில்லை. கம்பி அறுந்த ஹெட்போன் கேட்டது, அவருடைய குரலில், அந்தக் குறும்போடு:

"இப்பவாச்சும் நம்புறியா தாயி?"

கற்பகம் முழங்காலில் நகர்ந்து மைக்கைக் கையில் எடுத்தாள். வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நடந்துச்சு" என்றாள். "நாப்பத்தொண்ணு. கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. நான் எண்ணினேண்ணே."