அப்பா நாற்பத்து மூன்றாம் முறை செத்த நாள்

என் அப்பாவுக்கு வேலை, சினிமாவில் செத்துக் கிடப்பது.

சிரிக்காதீர்கள். அது ஒன்றும் லேசான வேலை இல்லை. விளக்குச் சூட்டில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டக் கூடாது. கேமரா ஓடும்போது நெஞ்சு ஏறி இறங்கவே கூடாது. அப்பா ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சை அடக்குவார். அடக்கியதை எல்லாம் சேர்த்து வைத்துக் குறட்டையாக விட்டுவிடுவார். பஸ்ஸில் அவர் குறட்டை விட்டால், நான் யாரோ மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

காலையில் செத்தாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்குவார். அதனால் சாவு என்றால் எனக்குப் பயமே இருந்ததில்லை, போன வருடம் அம்மா இறந்து போகும் வரைக்கும்.

அம்மா தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வரேன்டி" என்பாள். "போயிட்டு வாம்மா" என்று நான் பதில் சொன்னால்தான் வாசலைத் தாண்டுவாள். அந்தக் கடைசி நாளில் எல்லோரும் அம்மாவின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, கடைசியாக ஒரு வார்த்தை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் சொல்லாவிட்டால் அம்மா எப்படிப் போவாள் என்று நினைத்தேன். கீழே இறங்கி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று எங்கே போனாய் என்று அப்பாவும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடம் லீவு என்பதால் ஒரு நாள் அப்பா என்னையும் ஷூட்டிங்குக்குக் கூட்டிப் போனார். அது அவருடைய நாற்பத்து மூன்றாவது சாவு. முகத்தில் சாம்பல் நிற மேக்கப், கழுத்து வரை வெள்ளைப் போர்வை. படத்தில் அவருக்கு மகளாக நடிக்க ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள். ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததால் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றார்கள்.

அப்பா படுத்திருந்த கட்டிலைப் பார்த்ததும் அந்தப் பம்பரம் அப்படியே நின்றுவிட்டது.

"கையப் பிடிச்சுக்கிட்டு, 'போயிட்டு வாங்கப்பா'ன்னு சொல்லணும். அவ்வளவுதாம்மா" என்றார் டைரக்டர்.

"மாட்டேன். அவரு நிஜமாவே செத்துட்டாரு."

அப்பாவுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா? சிரிப்பை அடக்கியதில் அவர் உதடு லேசாகத் துடித்தது. மேக்கப் அண்ணன் அவரை முறைத்தார்.

பம்பரம் அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா கெஞ்சினார், பிறகு மிரட்டினார். எனக்குப் பாவமாக இருந்தது. ஒளிந்துகொள்ள இங்கே தண்ணீர்த் தொட்டிகூட இல்லை. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவரு எங்கப்பாதான். காலைல பாலைப் பொங்க விட்டுட்டு, அடுப்பைத் தொடச்சுட்டு வந்தாரு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப ஏன் அப்படி இருக்காரு?"

"அதான் அவரு வேலை. பயமா இருந்தா அவரு கையை ஒரு தடவை அழுத்து. அவரும் திருப்பி அழுத்துவாரு. கேமராவுக்குத் தெரியாது."

"நீ முதல்ல செஞ்சு காட்டு."

நான் டைரக்டரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். நான் கட்டில் அருகே போனேன். இத்தனை பக்கத்தில் அப்பாவை இப்படிப் பார்த்தது இல்லை. நெஞ்சு அசையவில்லை. சாம்பல் பூசிய அந்தக் கையைப் பிடித்தேன். அம்மாவின் கை அன்று எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

'போயிட்டு வாங்கப்பா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போயிட்டு வாம்மா" என்று வந்துவிட்டது.

யாரும் திருத்தவில்லை. எங்கேயோ ஒரு மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கி, மேக்கப்பில் கோடு போட்டுக்கொண்டு காதுக்குள் போனது. நாற்பத்து மூன்று சாவில் அவர் செய்த முதல் தப்பு அது.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து நிமிஷம் பிரேக். அவரு முகத்தைச் சரி பண்ணுங்க" என்றார் மெதுவாக.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். என் கையை விடவில்லை.

"அன்னிக்கு நான் தொட்டிக்குப் பின்னாடி இருந்தேன்பா."

"தெரியும். உன் செருப்பு வெளிய தெரிஞ்சுது."

"அப்ப ஏன் என்னைக் கூப்பிடல?"

அப்பா என் கையை ஒரு தடவை அழுத்தினார். "எனக்கும் அங்க வந்து உன் பக்கத்துல ஒளிஞ்சுக்கணும்போல இருந்துச்சு" என்றார்.

நான் அழுதேன். ஒரு வருட அழுகை. அப்பாவும் அழுதார். மேக்கப் அண்ணன் பஞ்சை வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

அதற்குப் பிறகு பம்பரம் ஒரே டேக்கில் நடித்து முடித்தாள். முடிந்ததும் என்னிடம் ஓடி வந்து, "ரெண்டு தடவை அழுத்தினாரு" என்று ரகசியம் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா தூங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"எங்கப்பாதான்" என்றேன்.

அப்பாவின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. நான் அதில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அவர் காதில் விழாதபடி சொன்னேன்.

"நல்லா மூச்சு விடுப்பா. இங்க யாரும் கட் சொல்ல மாட்டாங்க."