முடி கொட்டாத நாய்

சுருட்டையின் அப்பாவுக்கு முடி வெட்டுவது தொழில். பேருந்தில் போனாலும் முன் சீட்டுக்காரரின் பின்மண்டையைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். "காதோரம் கோணலா விட்டிருக்கான் பாரு" என்று மகளிடம் முணுமுணுப்பார். மகளுக்குச் சுருட்டை என்று பெயர் வைத்ததும் அவர் கடைக்கு வருகிறவர்கள்தான். பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. ஆசிரியரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சுருட்டைக்குப் பத்து வயது. நாய் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அவளுடைய ஆறு வயதுத் தம்பிக்கு இளைப்பு உண்டு. அங்கேதான் வந்தது வினை.

போன வருடம் ஒரு பழுப்பு நாய் வீட்டுக்கு வந்தது. தம்பி தும்மினான், கண்ணைக் கசக்கினான், ஒரு மதியம் மூச்சுவிடவே திணறிப்போனான். ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்து ஆவியைச் சுவாசிக்க வைத்தார்கள். மறுநாளே அப்பாவின் நண்பர் வந்து நாயைக் கூட்டிப் போய்விட்டார். வண்டியின் பின்கண்ணாடி வழியாக அது இவளையே பார்த்துக்கொண்டு போனது. சுருட்டை ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இனிமே நாய் வந்தா போகக் கூடாது. போற மாதிரி இருந்தா வரவே வேணாம்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

அப்படியிருக்க, ஒருநாள் கடைக்கு வந்த ஒருவர் அப்பாவிடம் செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். பூடுல் என்ற சுருள்முடி நாயும் லேப்ரடாரும் கலந்த குட்டி. முடியே கொட்டாதாம். தும்மல் வருகிறவர்களுக்கும் ஒத்துக்கொள்ளுமாம்.

"முடி கொட்டாத நாய்" என்று அப்பா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். இருபது வருடமாகக் கடையில் முடி பெருக்குகிறவருக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கடை விடுமுறையன்று பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாவுக்குத் துணி ஆலையில் வேலை, மாலை நேர ஷிப்ட். வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இவனுக்கு மூச்சு இழுத்தா நாய் இங்க இருக்காது. அப்புறம் ஆளாளுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

குட்டியைப் பார்க்க வேண்டிய இடம் ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்தம். "வீட்டுக்கே வர்றோமே" என்று அப்பா கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? நானே கொண்டு வர்றேன்" என்று விற்பவர் சொல்லியிருந்தார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

தொப்பி போட்ட ஒருவர் காரிலிருந்து அட்டைப்பெட்டியோடு இறங்கினார். உள்ளே வெண்ணெய் நிறத்தில் ஒரு குட்டி. அப்பாவின் விரல்கள் தானாகவே அதன் முடிக்குள் போய்விட்டன.

"என்ன ஒரு முடி. பட்டு மாதிரி இருக்கு."

தம்பி பெட்டிக்குள்ளேயே தலையை விட்டான். சுருட்டை மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு முறை தொட்டுவிட்டால் பிறகு தன்னால் யோசிக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இதோட அம்மா எங்க?" என்று கேட்டாள்.

"அம்மா ஊருக்குப் போயிருக்கு பாப்பா."

"தனியாவா?"

அப்பா சிரிப்பை அடக்க இருமினார். தொப்பிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்க அண்ணன் வீட்டுல விட்டிருக்கு" என்றார்.

"இது எத்தனை வாரக் குட்டி?"

"எட்டு." பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "ஏழு, எட்டு இருக்கும்."

"தம்பி இதுகூட ஒரு மணி நேரம் உக்காந்து பாக்கட்டுமா? அவனுக்கு இளைப்பு வரும்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல பாப்பா. பின்னாடியே ரெண்டு பேர் வர்றாங்க. கலப்பு நாய்க்கு முடி கொட்டாது, தும்மல் வராது. நான் கேரண்டி."

அப்பாவின் கை பையைத் துழாவியது. சுருட்டை அவருடைய சட்டையைப் பிடித்துத் தள்ளி இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, எனக்கும் தம்பிக்கும் ஒரே அப்பா அம்மாதானே?"

"இதென்னடா கேள்வி?"

"எனக்கு உங்க சுருட்டை முடி. அவனுக்கு அம்மாவோட கோரை முடி. ரெண்டு பேருக்கும் நீங்கதான் முடி வெட்டுறீங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடி சுருட்டைதான் வரும்னு யாராவது கேரண்டி குடுத்தாங்களா?"

அப்பா அவள் தலையைப் பார்த்தார். தூரத்தில் நின்ற தம்பியின் தலையைப் பார்த்தார். பிறகு பெட்டியிடம் திரும்பிப் போனார்.

இந்த முறை அவருடைய விரல்கள் கடையில் வேலை செய்வதுபோல வேலை செய்தன. காதுக்குப் பின்னால் பிரித்துப் பார்த்தார், வயிற்றுப் பக்கம் பார்த்தார். ஒட்ட வெட்டிய திட்டுகள் தெரிந்தன. குட்டியின் கண்ணோரம் பீளை கட்டியிருந்தது. வயிறு மட்டும் உப்பலாக இருந்தது.

"சடை விழுந்ததை நேத்துதான் வெட்டியிருக்கீங்க" என்றார் அப்பா. "மேல பவுடர் வேற. நானே ஒரு தலைக்கு இவ்வளவு போடறதில்ல. டாக்டர்கிட்ட காட்டுன சீட்டு இருக்கா?"

தொப்பிக்காரர் பெட்டியை மூடினார். "வேணும்னா எடுங்க, இல்லைன்னா விடுங்க" என்றவர், கார் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு கிளம்பினார்.

தம்பி அழுத அழுகையில் அந்த வண்டி நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. சுருட்டை கார் போன பக்கமே பார்த்தாள். "அந்தக் குட்டி என்னப்பா ஆகும்?"

"தெரியலடா" என்றார் அப்பா. "நாம வாங்கியிருந்தா, நாளைக்கே அவர் இதே மாதிரி இன்னொண்ணைக் கொண்டு வருவார்." காரின் நம்பரை உள்ளங்கையில் எழுதிவைத்திருந்தார். அங்கேயே நின்று விலங்கு நல அலுவலகத்துக்குப் போன் செய்து, பார்த்ததை எல்லாம் சொன்னார்.

மறுநாள் கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. சுருட்டையின் கையெழுத்து: 'நாய்க்குட்டி வேண்டும். தாய் நாயைக் காட்டுகிறவர்கள் மட்டும் சொல்லவும். தாய் ஊருக்குப் போயிருக்கக் கூடாது.'

முடி வெட்ட வந்தவர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். சிரித்து ஆடிய தலைகளை அப்பா பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டு மாதம் போயிற்று. தாள் ஓரம் மடங்கிவிட்டது. பிறகு ஒருநாள், பள்ளி வேன் ஓட்டும் அத்தை தன் மகனுக்கு முடி வெட்ட வந்தார். தாளை இரண்டு முறை படித்தார்.

"எங்க வீட்டுல தாய் இருக்கு. ஊருக்கெல்லாம் போகல" என்றார்.

அம்மா முதலில் டாக்டரிடம் கேட்டாள். போய்க் கொஞ்ச நேரம் உட்காரட்டும், மூச்சில் இழுக்கும் மருந்து கையில் இருக்கட்டும் என்றார் அவர்.

வேன் அத்தை வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு லேப்ரடார் படுத்திருந்தது. ஐந்து குட்டிகள் அதன் மேல் ஏறி இறங்கின. குட்டிகளின் தகப்பன் ஒரு பூடுல், பக்கத்துத் தெருவில் இருந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன். ஆனாலும் ஒன்று சுருட்டை, இரண்டு அலை முடி, ஒன்று கம்பளி உருண்டை. கடைசி ஒன்று கோரை முடி. அது நடந்த இடமெல்லாம் முடி உதிர்ந்து கிடந்தது.

சுருட்டை அப்பாவைப் பார்த்தாள். "ஆமா ஆமா, நீ சொன்னதுதான்" என்றார் அப்பா.

மூன்று சனிக்கிழமை போனார்கள். கம்பளி உருண்டையை மடியில் வைத்ததும் தம்பி பதினோரு முறை தும்மினான். சுருட்டை முடிக் குட்டியிடம் போனால் அவனுக்குக் கண் அரித்தது. கோரை முடிக் குட்டி அவன் மடியிலேயே தூங்கியது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமும் ஆகவில்லை. அதற்கடுத்த வாரம் அவன் அதன் காதைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

"கொட்டுதே" என்றார் அப்பா, தன் கால்சட்டையைப் பார்த்து. பிறகு அவரே, "கொட்டட்டும். ஊரார் முடியையே பெருக்குறவன் நான்" என்றார்.

வேன் அத்தை லேசில் விடுகிற ஆள் இல்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், யார் நடக்கக் கூட்டிப் போவார்கள் என்றெல்லாம் கேட்டார். மதியம்வரை அம்மா, பள்ளி விட்டதும் நான், என்றாள் சுருட்டை. அத்தை கடைசியாக அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வீட்டுக்குப் போன பிறகு தம்பிக்கு முடியாமப் போச்சுன்னா?"

சுருட்டை சமையலறை மூலையைத் திரும்பிப் பார்த்தாள். "இங்கதான் திருப்பிக் கொண்டு வருவேன். வேற யாருக்கும் தர மாட்டேன்" என்றாள். "ஆனா ரொம்ப அழுவேன்."

"நானும் அழுவேன். பரவாயில்ல" என்றார் அத்தை. ஒன்பது வாரம் முடிந்த அன்று, ஊசி போட்ட சீட்டோடு குட்டியை அவரே வேனில் கொண்டுவந்து இறக்கினார்.

அம்மா மட்டும் அசையவில்லை. "ஒரு மாசம் போகட்டும். அதுவரைக்கும் இதுக்குன்னு எதுவும் வாங்கறதில்ல" என்றாள். குட்டி சாப்பிட்டது பழைய கிண்ணத்தில். கழுத்தில் பட்டை இல்லை, கூப்பிடப் பெயரும் இல்லை. தினமும் காலையில் அம்மா தம்பியின் முதுகில் காதை வைத்துக் கேட்பாள். சுருட்டை பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தையே பார்ப்பாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்குப் பெரும்பாடு.

முப்பத்தொன்றாவது நாள் காலையிலும் அம்மா காதை வைத்தாள். வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டாள். தம்பி நெளிந்தான். கதவோரம் சுருட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா நிமிர்ந்து, தன் புடவையில் ஒட்டியிருந்த நாய் முடியை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"சாயங்காலம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு கடைக்குப் போய் இதுக்கு ஒரு கழுத்துப் பட்டை வாங்கு" என்றாள். "கொஞ்சம் பெருசாவே வாங்கு. வளர்ற பிள்ளை."