வெட்டுப்பட்ட ஒயர்

உச்சி வெயிலில் பட்டறைக்குள் நுழைந்த அந்தப் பழைய வெள்ளைக் காரில் நான்கு கண்ணாடிகளும் இறக்கிவிடப்பட்டிருந்தன. இன்ஜின் அடங்குவதற்குள் அதை ஓட்டி வந்தவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏசியை மொத்தமா மாத்திடுங்கண்ணே. பழசு ஒரு திருகாணிகூட உள்ள இருக்கக் கூடாது."

மெக்கானிக் அடுத்தவர் சமாச்சாரம் காதில் விழுந்தால் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுகிற ரகம். தொழிலுக்காகக் கேட்டார்.

"என்ன கோளாறு சார்?"

வந்தவர் காரைப் பார்க்காமலே சொன்னார். அவருடைய அக்கா நடக்க முடியாதவள். போன கோடையில் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஏசியை ஓடவிட்டு, கதவைப் பூட்டிவிட்டுக் கடைக்குள் போயிருக்கிறார்.

"திரும்பி வந்து பாத்தா ஏசி நின்னு போயிருக்கு. அக்காவும் போய்ட்டாங்க. என்னைத் தூக்கி வளத்தவங்க. இருக்கிற வீடுகூட அவங்க பேர்லதான் இருந்துச்சு. இப்ப வண்டியை வித்துடலாம்னா, ஏசி ஓடாம எவனும் வாங்க மாட்டேங்கறான். நான் ஏறி உக்காந்தாலே அனலா அடிக்குது."

மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. நல்லபடியாகச் செய்து தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை டாஷ்போர்டைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த கூலிங் காயிலை வெளியே இழுத்தார். வழக்கமாக அதில் தூசும் காய்ந்த இலையும் இருக்கும். இதில் நீளநீளமாக நரைமுடி சுற்றியிருந்தது. பவுடரும் வேர்வையும் கலந்த வாடை அடித்தது. அதைத் துணியில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்தார்.

கம்ப்ரஸரில் ஒரு குறையும் இல்லை. கேஸும் முழுசாக இருந்தது. அதற்குப் போகிற ஒயர் மட்டும், பேட்டரிக்கு அடியில், குறடு வைத்து நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தது. முனைகள் இரண்டையும் யாரோ பதவிசாக டேப் சுற்றி மறைத்திருந்தார்கள். தேய்ந்து அறுந்த ஒயர் பிசிறு பிசிறாக இருக்கும். அந்த ஒயர் இல்லாவிட்டால் ஃபேன் ஊதும், குளிர் வராது. வெயிலில் பூட்டிய காருக்குள் வெந்த காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

ஒரு கிழவி கண்ணாடியைத் தட்டித் தட்டி ஓய்ந்திருப்பாள். போலீசுக்குப் போனால் சாட்சி, விசாரணை என்று செருப்புத் தேய அலைய வேண்டும். நமக்கெதுக்கு வம்பு என்று புது ஒயரை மாட்டினார். ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

வேலை முடிந்ததும் தம்பிக்காரர் வந்தார். ஏசி காற்று வரும் துளையில் சொருகிய தெர்மாமீட்டர் நான்கு டிகிரி காட்டியது. ஆனால் இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்காரரே கண்ணாடியை ஏற்றி உட்கார்ந்து, குளிருகிறது என்று தன் வாயால் சொன்னால்தான் சாவி கைக்கு வரும்.

"நீங்க பாத்தா போதாதாண்ணே?"

"ஏறுங்க சார். நானும் பக்கத்துலயே உக்கார்றேன்."

கதவுகள் மூடின. மெக்கானிக்குக்குக் குளிரில் பல் கிட்டித்தது.

பக்கத்தில் இருந்தவருக்கு நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

"ஏசியைப் போடுங்கண்ணே."

"ஓடுதே சார்."

பவுடர் வாடை வந்தது.

தம்பிக்காரர் பின்சீட்டைக் காட்டும் நடுக்கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகம் வெந்ததுபோல் சிவந்தது.

"அக்கா, கதவைத் திற," என்று முனகினார். "நான்தான் வெட்டினேன். திறந்துடுக்கா."

பின்சீட்டின் ஸ்பிரிங் மெல்ல முனகியது.

மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. காற்று நிற்கவில்லை.

அவர் இறங்கிச் சுற்றி ஓடி மறுபக்கக் கதவை இழுத்தார். அது பூட்டியிருக்கவே இல்லை, தொட்டதும் திறந்துகொண்டது. சரிந்து விழுந்தவரைத் தாங்கியபோது மெக்கானிக்குக்குக் கை சுட்டது. தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி உதறினார்.

உயிர் இல்லை.

வந்த போலீஸ்காரர் காருக்குள் தலையை நீட்டிவிட்டு, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"வெயில் தாங்காம செத்துட்டான்னு டாக்டர் சொல்றாரு. இவன் அக்காவும் இதே வண்டியில இப்படித்தான். வேலை செய்யும்போது நீங்க எதுனா பாத்தீங்களா?"

சொல்வதற்கு நல்ல நேரம் அதுதான். நெஞ்சில் ஈரமுள்ளவன் சொல்லியிருப்பான்.

"ஒண்ணும் பாக்கல சார்."

பொழுது சாயும்போது வீட்டுக்குப் போய், முகம் கழுவி, ஏசிக்கு நேராக உட்கார்ந்தார். மனைவி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏங்க, கொஞ்சம் குறைங்க. விறைக்குது."

அவருக்கு முழங்கை வழியே வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்," என்றார் தாழ்ந்த குரலில்.

"யாருகிட்ட பேசறீங்க?" என்று எழுந்து வந்தவள் அவர் முதுகுப் பக்கம் அப்படியே நின்றுவிட்டாள்.

தெப்பமாக நனைந்திருந்த சட்டையில், தோளின்மேல் ஓர் உள்ளங்கை அளவு மட்டும் இஸ்திரி போட்டதுபோல் காய்ந்திருந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரல்கள் கழுத்துப் பக்கம் நகர்ந்தன.