ஒரு தடவை வந்து பாருங்க

காட்டுக்குள்ளிருந்து தன் குரலே கேட்டபோது அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கையொலிபெருக்கியை யாரோ அணைக்காமல் குளத்தங்கரையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், இரவு மழையில் நனைந்து அது வீணாகப் போகும், நாளை மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவள் அவள். "சும்மா ஒரு தடவை வந்து பாருங்க. பிடிக்கலைன்னா போயிடலாம்" என்றது குரல், இருட்டத் தொடங்கிய மரங்களுக்கு அப்பாலிருந்து, ஈர இலையும் சேறும் கலந்த வாடையோடு. அதில் அவள் பதிவு செய்து வைத்த அழைப்புதான். அலுவலக அறையின் ஜன்னலை மூடப் போனவள் கொக்கியில் கையை வைத்தபடியே திரும்பினாள். ஒலிபெருக்கி மேசைமேல் இருந்தது. அதன் பின்மூடி திறந்து கிடந்தது. பேட்டரிகள் சுவரோரமாக சார்ஜில் இருந்தன.

"எவனோ மிமிக்ரி பண்றான்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். ஆனால் தன்னார்வலர்கள் எல்லோரும் எப்போதோ கிளம்பிவிட்டார்கள். வெளிச்சத்தில் மின்னும் பட்டை வைத்த அவர்களுடைய பச்சை மேல்சட்டைகள் சுவர்க் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கின. காவலாளியும் காய்ச்சல் என்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வனப்பூங்காவுக்குத் தன்னார்வலர்களைச் சேர்ப்பதுதான் அவள் வேலை. கல்லூரி, அடுக்குமாடிக் குடியிருப்பு, பேருந்து நிலையம் என்று நாலு பேர் நிற்கிற இடமெல்லாம் போய்ப் பேசுவாள். பாதை பெருக்க வேண்டும், நாற்று நட வேண்டும், சம்பளம் கிடையாது, கொசு உண்டு. அப்படியும் வந்தார்கள். அதற்கு ஒரு தொழில் சூட்சுமம் இருந்தது. "யார் வர்றீங்க? கையைத் தூக்குங்க" என்று கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கெஞ்சக்கூடாது, இருமக்கூடாது, அசையக்கூடாது. அந்த மௌனத்தை மனிதர்களால் ரொம்ப நேரம் தாங்க முடியாது. யாராவது ஒருவரின் கை தானாக மேலே வந்துவிடும்.

ஊரையே இழுக்கிற அந்த வாய்க்கு வீட்டுக்காரர் மட்டும் மசியவில்லை. தினமும் சாயங்காலம் அவளை அழைத்துப்போக ஸ்கூட்டரில் வருவார், கேட்டோடு நின்றுவிடுவார். "கொசுவுக்கு ரத்ததானம் பண்ணணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்பார். அவருக்கென்று ஒரு புது மேல்சட்டையை உறை பிரிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். என்றைக்காவது போட வைத்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை.

மறுபடியும் குரல். இப்போது மூங்கில் புதர்ப் பக்கம். காலடிச் சத்தம் இல்லை, சருகு நெரியவில்லை, தவளைகள்கூட ஓய்ந்திருந்தன. குரல் மட்டும் இடம் மாறியிருந்தது. "சும்மா ஒரு தடவை வந்து..." என்று தொடங்கியது, இருமியது, "மன்னிக்கணும்" என்றது. காலையில் கல்லூரியில் பேசும்போது அவளுக்கு வந்த இருமல் அது. அதே இடத்தில், அதே மன்னிப்போடு. பதிவில் அது கிடையாது.

ஓடிப் போய்க் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினாள். உள்பக்கமாகப் பூட்டைப் போட்டாள். செல்போனில் சிக்னல் இல்லை. அந்த அறையில் என்றைக்குமே இருந்ததில்லை. கேட்டருகே போனால்தான் கிடைக்கும். கேட்டுக்கும் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு வளைந்த பாதை, இரண்டு பக்கமும் மரங்கள். குரல் அந்தப் பாதையில் இருந்தது.

"ஏங்க" என்றது குரல்.

அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

"ஏங்க." கொஞ்சம் குழைவாக. "ஏங்க, இங்க வாங்களேன்." ஒரு தடவை கோபமாக. ஒரு தடவை சிணுங்கலாக. ஒரு தடவை சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஒத்திகை பார்க்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணாடி முன் நின்று அவளும் இப்படித்தான் பேசிப் பேசிப் பார்த்தாள். யாருக்காக இந்த ஒத்திகை என்பதும் புரிந்தது. அவர் வருகிற நேரம்.

முந்திக்கொள்ள வேண்டும். எது நின்றாலும் சரி, அதைத் தாண்டி ஓடிக் கேட்டிலேயே அவரை நிறுத்திவிட வேண்டும். பூட்டில் சாவியைச் செருகப் போனாள். அவசரத்தில் சாவி நழுவிக் கம்பிகளுக்கு வெளியே விழுந்து, படியில் பட்டுத் தெறித்துச் சேற்றில் போய்க் கிடந்தது. தோள்பட்டை வரை கையை வெளியே விட்டுத் துழாவினாள். எட்டவில்லை.

தூரத்தில் ஸ்கூட்டர் ஹார்ன் அடித்தது.

"ஏய் வாயாடி! கிளம்பலாமா?"

"வராதீங்க!" தொண்டை கிழியக் கத்தினாள். "அங்கயே நில்லுங்க! திரும்பிப் போயிடுங்க!"

"வராதீங்க! அங்கயே நில்லுங்க!" என்றது பாதையிலிருந்த குரல், அவளைவிடத் தெளிவாக. பிறகு சிரித்தது. அவளுடைய சிரிப்பு. "சும்மா சொன்னேங்க. ஒரு தடவை வந்துதான் பாருங்களேன். பிடிக்கலைன்னா போயிடலாம்."

"எங்கதான் இருக்கே நீ? ரெண்டு பக்கமும் கேக்குதே!"

"இங்கதாங்க."

"அது நானில்லைங்க!"

"அது நானில்லைங்க" என்று அது கேலியாக இழுத்தது.

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சரிடி, உன் தொல்லை தாங்கலை. இன்னிக்கு ஒரு நாள்தான், ஆமா."

கேட் கிறீச்சிட்டது.

மரங்களுக்கிடையே செல்போன் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. முக்காலியைத் தூக்கிக் கம்பியில் மடார் மடாரென்று அடித்தாள். காட்டுக்குள்ளும் மடார் மடாரென்று கேட்டது. வெளிச்சம் பாதையை விட்டு விலகியது. நின்றது.

"நீ..." என்றார் அவர்.

அவ்வளவுதான். வெளிச்சம் அணைந்தது.

கேட்டில் ஸ்கூட்டர் அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தது. வேறு சத்தமில்லை. அவள் அவரைக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை காடு அவளைப் போலப் பேசவில்லை. அதற்கு இனி அவள் குரல் தேவையில்லை.

"வாயாடி."

அவர் குரல். படியருகே.

அறை விளக்கின் வெளிச்சம் எட்டுகிற எல்லையில் மேல்சட்டைப் பட்டைகள் மின்னின. ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று. மரங்களுக்கிடையே, கண்ணுக்கெட்டிய மட்டும். அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாச் சட்டைகளும் கொக்கிகளில்தான் இருந்தன. முன்னால் நின்றவரின் சட்டை மட்டும் புதிது. மடிப்புக்கூடக் கலையவில்லை. முகத்தில் வெளிச்சம் விழவில்லை.

அவள் இழுப்பறையைத் திறந்து பார்க்கவில்லை.

"சும்மா ஒரு தடவை வந்து பாரு. பிடிக்கலைன்னா போயிடலாம்."

அதே குரல். அதே கிண்டல்.

"யார் வர்றீங்க? கையைத் தூக்குங்க."

பிறகு மௌனம்.

யாரும் கெஞ்சவில்லை. இருமவில்லை. அசையவில்லை.

அவளுக்குத் தெரியும். இந்த மௌனம் அவளுடையது. பார்க்கக்கூடாது. பேசக்கூடாது. பொறுத்துக்கொண்டால் போதும். சேற்றில் கிடந்த சாவி இப்போது கம்பிக்கு உள்ளே, அவள் காலடியில் இருந்தது. அதையும் பார்க்கக்கூடாது. வலது மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்தாள். விடமாட்டேன். கண்களை மூடிக்கொண்டாள். விடவே மாட்டேன்.

ஸ்கூட்டர் சத்தம் நின்றது.

கண்களைத் திறந்தாள். எதிரே ஜன்னல் கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்தது. வலது மணிக்கட்டை இடது கை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு கைகளும் தலைக்கு மேலே உயர்ந்திருந்தன.